திருடி வைத்த கொடி

மணி பிளாண்டைக் காசு கொடுத்து வாங்கி வைத்தால் வளராது, யார் வீட்டிலிருந்தாவது திருடி வைத்தால்தான் தழைக்கும் என்று சொல்வார்கள். நம் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு கேட்டுக்கு வெளியே தொங்கும் கொடியை, ஒரு கணுவும் கூடவே வருகிற மாதிரி பார்த்துக் கிள்ளி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விட்டுவிடும். அதற்கு மேல் உபவிதிகள் உண்டு. தென்கிழக்கு மூலையில் இருக்க வேண்டும், நுனி தரையைத் தொடக் கூடாது, காய்ந்த இலையை விட்டுவைக்கக் கூடாது. மீறினால் வீட்டில் காசு தங்காது.

இந்தக் கொடியின் தாவரவியல் இந்த நம்பிக்கையைவிட விநோதமானது. பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். சொந்த ஊர் பசிபிக் கடலில், பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த மூரியா என்ற தீவு. 1880-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இந்தத் தாவரம் அநேகமாகப் பூப்பதே இல்லை. தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-இல். 2016-இல் வந்த ஓர் ஆய்வு காரணத்தைச் சொன்னது: பூக்கத் தேவையான ஜிப்ரெலின் என்ற ஹார்மோனை உண்டாக்கும் மரபணு இதில் ஒழுங்காக வேலை செய்வதில்லை. வெளியிலிருந்து அந்த ஹார்மோனைக் கொடுத்தால் பூக்கிறது. பூ இல்லையென்றால் விதை இல்லை. ஆக, உலகம் முழுக்க ஜன்னல்களில் தொங்கும் மணி பிளாண்டுகள் எல்லாம் நறுக்கிய துண்டிலிருந்து வளர்ந்து, மறுபடி நறுக்கப்பட்ட துண்டுகள். என் தொழில்மொழியில் சொன்னால், தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் காப்பி-பேஸ்ட்.

விதை போட முடியாத ஒரு செடி ஒரு சின்னத் தீவிலிருந்து கிளம்பி நம்ம வீட்டுச் சமையலறை ஜன்னல் வரை வந்திருக்கிறது என்றால், அதைத் தூக்கிக்கொண்டு வந்தது மனிதக் கை. அந்தக் கையைத் தூண்டியதில் அழகும் வியாபாரமும் உண்டு. 'திருடினால்தான் வளரும்' என்ற இந்தச் சின்னப் பைத்தியக்காரத்தனத்துக்கும் அதில் ஒரு பங்கு இருக்கத்தான் செய்யும். பூவுக்கு வண்டு செய்கிற வேலையை இந்தச் செடிக்கு நம் நப்பாசை செய்துகொடுக்கிறது. திருட்டு என்று பெயர்தானே தவிர, கொடியின் சொந்தக்காரர் பார்த்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். அவரே முன்பு எங்கோ கிள்ளிக்கொண்டு வந்தவர்தான். ஒருவேளை, இல்லாதவர் கேட்காமல் எடுத்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே யாரோ ஒரு புத்திசாலிக் கிழவி இந்த விதியைக் கட்டிவிட்டிருப்பாளோ என்றுகூட எனக்குத் தோன்றும். ஆதாரம் கிடையாது. தோன்றும், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை தோட்டக்கலை பற்றியது இல்லை. வீட்டுச் செடியிடம் அதிர்ஷ்டத்தையும் ஆயுளையும் எதிர்பார்க்கிற மனிதர்களை இலக்கியம் எப்படி நடத்தியிருக்கிறது என்று பார்க்கிற ஆசைதான். அதற்கு முன்னால் ஒரு சொல்லைத் தாண்ட வேண்டும்.

ஆங்கிலம் மூன்று தனிச் சொற்களில் பிரித்து வைத்திருப்பதைத் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. கடவுள்மேல் இருப்பது நம்பிக்கை. நாளை நன்றாக இருக்கும் என்பதும் நம்பிக்கை. பல்லி விழும் பலன் மூடநம்பிக்கை. 'மூட' என்ற முன்னொட்டைத் தூக்கிவிட்டால் மூன்றும் ஒன்றுதான். சுயமரியாதை இயக்கம் கிட்டத்தட்ட நூறு வருடமாக அந்த முன்னொட்டை எங்கே ஒட்ட வேண்டும் என்று நமக்குக் கற்றுக்கொடுத்தது. அந்த வேலை இன்னும் முடியவில்லை. மூல நட்சத்திரத்தில் பிறந்தாள் என்பதற்காக ஒரு பெண்ணை இன்றும் தட்டிக்கழிக்கிறார்கள், கணவனை இழந்தவள் எதிரே வந்தால் இன்றும் முகம் சுளிக்கிறார்கள். இவையும் மணி பிளாண்டும் ஒரே பெயரில் ஒரே கூடையில் கிடக்கின்றன. என் பொறியியல் நண்பர்கள் இரண்டையும் ஒரே சிரிப்பால் கடந்துவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரு நம்பிக்கை அறிவியல்படி சரியா என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டால்தான் விஷயம் சிக்கலாகும். மூல நட்சத்திரத்துக்கு விலை கொடுப்பது அந்தப் பெண். மணி பிளாண்டுக்கு விலை, வாரம் ஒருமுறை மாற்றுகிற ஒரு பாட்டில் தண்ணீர்.

சிரிக்கிற தகுதியும் எங்கள் தொழிலுக்குக் கிடையாது. தைவானில் குவாய் குவாய் என்று ஒரு நொறுக்குத்தீனி உண்டு. 'சமர்த்தா இரு' என்று பொருள்படும் பெயர். அந்தப் பாக்கெட்டை சர்வர்மேல் வைத்தால் இயந்திரம் தகராறு பண்ணாது என்பது அந்த ஊர்ப் பொறியாளர்களின் நம்பிக்கை. பச்சைப் பாக்கெட்டாகத்தான் இருக்க வேண்டும், வேறு நிறம் ஆகாது. காலாவதி ஆகிவிட்டால் மாற்றியாக வேண்டும். நம் ஊரில் ஆயுத பூஜையன்று மானிட்டருக்குப் பொட்டு வைக்கிறோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிப்ளாய் பண்ணக் கூடாது என்பதும் உண்டு. அதில் மட்டும் கொஞ்சம் பகுத்தறிவு இருக்கிறது, சனிக்கிழமை போனை எடுக்க ஆள் கிடைக்காது.

*

ஓ. ஹென்றியின் 'கடைசி இலை' எல்லோருக்கும் தெரிந்த கதை. 1907-இல் வெளிவந்த தொகுப்பில் இருக்கிறது. 2013-இல் 'லூட்டேரா' என்ற இந்திப் படம் அதை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் இரண்டு இளம் ஓவியப் பெண்கள், சூ, ஜான்சி. ஜான்சிக்கு நிமோனியா. ஜன்னலுக்கு எதிரே செங்கல் சுவரில் ஒரு பழைய ஐவி கொடி. தொட்டிச்செடி இல்லைதான், ஆனால் படுக்கையில் கிடக்கிறவளுக்கு அந்த அறையில் இருக்கும் ஒரே செடி அது. இலைகள் உதிர உதிர அவள் தலைகீழாக எண்ணுகிறாள். கடைசி இலை விழும்போது நானும் போய்விடுவேன் என்கிறாள். கீழ்த்தளத்தில் இருக்கும் பேர்மன் என்ற தோற்றுப்போன கிழட்டு ஓவியர், புயலடித்த ராத்திரியில் ஏணி போட்டு அந்தச் சுவரில் ஒரு இலையை வரைகிறார். அது விழவில்லை. ஜான்சி பிழைக்கிறாள். நனைந்த பேர்மன் அதே நிமோனியாவில் இரண்டே நாளில் செத்துப்போகிறார்.

இந்தக் கதையை 'நம்பிக்கையின் வலிமை' என்று படித்துப் பழகிவிட்டோம். மறுபடி படித்தபோது எனக்கு டாக்டர்தான் கண்ணில் பட்டார். ஜான்சி பிழைக்கப் பத்தில் ஒரு வாய்ப்பு என்கிறார். தன் சவ ஊர்வலத்தில் வரும் வண்டிகளை நோயாளி எண்ண ஆரம்பித்துவிட்டால், மருந்தின் பலனில் 50 சதவீதத்தைக் கழித்துவிடுவாராம். இந்தக் குளிர்காலத்தில் என்ன மாதிரி சட்டைக் கை புது ஃபேஷன் என்று அவளைக் கேட்க வைத்துவிட்டால், வாய்ப்பை ஐந்தில் ஒன்றாக உயர்த்தித் தருவாராம். டேட்டா எங்கே? சாம்பிள் எத்தனை? ஜான்சி இலையை எண்ணுகிறாள், டாக்டர் சதவீதத்தை எண்ணுகிறார். அவள் செய்வது மூடநம்பிக்கை என்று சூ திட்டுகிறாள். அவர் செய்வதை யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஏனென்றால் அது பின்னத்தில் இருக்கிறது. ஓ. ஹென்றி இதை வேண்டுமென்றே வைத்தாரா, வேடிக்கைக்கு எழுதிப் போய்விட்டாரா என்பது எனக்கு முக்கியமில்லை. கதையின் மிகக் கூர்மையான இடம் அதுதான்.

ஆனால் விலை பற்றிய கணக்கில் இந்தக் கதை தப்பித்துக்கொள்கிறது. ஒருத்தியின் மூடநம்பிக்கையைக் காப்பாற்ற இன்னொருவர் செத்திருக்கிறார். அதைக் கேட்டு ஜான்சி என்ன நினைத்தாள்? நமக்குத் தெரியாது. சூ சொல்லி முடித்ததும் கதையும் முடிந்துவிடுகிறது. பேர்மன் வாழ்நாள் முழுக்க வரைய நினைத்த மகத்தான ஓவியம் அந்த இலைதான் என்று ஒரு பூச்செண்டைக் கொடுத்து அவரை அனுப்பிவைக்கிறார் ஆசிரியர். திருப்பம் அபாரம். அந்தத் திருப்பத்துக்காகத்தான் நாம் கைதட்டுகிறோம். நாளை காலை ஜான்சி எழுந்து அந்தச் சுவரைப் பார்க்க வேண்டுமே, காற்றில் ஆடாத அந்த இலையை, அதைப் பற்றி ஒரு பத்தி இருந்திருந்தால் அது வேறு கதை.

இதே சூழ்நிலையை ஏறத்தாழ இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு தமிழ்க் கவிஞர் கையாண்ட விதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நப்பூதனாரின் முல்லைப்பாட்டு, பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடிகள். தலைவன் போருக்குப் போயிருக்கிறான். கார்காலம் வந்துவிட்டது, அவன் வரவில்லை. வீட்டு முதிய பெண்கள் ஊருக்கு வெளியே போய், நாழி நெல்லையும் முல்லைப் பூவையும் தூவிக் கைதொழுது, விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். விரிச்சி என்றால், யாரோ எதற்கோ சொல்லும் சொல்லைத் தற்செயலாகக் காதில் வாங்கி, அதை நிமித்தமாக எடுத்துக்கொள்வது. அங்கே ஓர் ஆய்ச்சிறுமி குளிரில் நடுங்கியபடி, கட்டிப்போட்ட கன்றுக்கு ஆறுதல் சொல்கிறாள்: உன் தாய் இதோ வந்துவிடுவாள் என்று. இதைக் கேட்டு, நல்ல சொல் கேட்டோம், உன் தலைவன் வருவான் என்று தலைவியிடம் வந்து சொல்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அவள் ஏற்கவில்லை. அழுகை இன்னும் கூடுகிறது.

பிறகு பாட்டு பாசறைக்குப் போய்விடுகிறது. முடிவில் தலைவனின் குதிரைகள் வரும் ஓசை கேட்கிறது. நிமித்தம் பலித்துவிட்டதா? பலித்துவிட்டது. நிமித்தத்தால் வந்தானா? பாட்டு வாயே திறக்கவில்லை. முதிய பெண்களைக் கேலி செய்யவும் இல்லை, நம்ப மறுத்தவளைக் குறை சொல்லவும் இல்லை. ஓ. ஹென்றிக்கு இலைக்கும் உயிருக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியாக வேண்டியிருந்தது. நப்பூதனாருக்குத் தேவைப்படவில்லை. எனக்கு இன்னொன்றும் பிடித்திருக்கிறது. இந்தப் பெண்களுக்குக் கிடைத்த நல்ல சொல் அவர்களுக்காகச் சொல்லப்பட்டதே இல்லை. பசியில் இருக்கும் ஒரு கன்றுக்காக, குளிரில் நிற்கும் ஒரு சிறுமி சொன்னது. மணி பிளாண்டைப் போலவே அதுவும் கிள்ளிக்கொண்டு வந்ததுதான்.

*

செடி கொடுக்கும் அதிர்ஷ்டத்துக்கு விலைச்சீட்டை நேரடியாகத் தொங்கவிட்ட படம் 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்'. 1960-இல் ரோஜர் கோர்மன் மிகக் குறைந்த செலவில், பெரும்பகுதியை இரண்டே நாளில் எடுத்த படம். 1982-இல் இசை நாடகமாகி, 1986-இல் மறுபடி படமானது. நொடித்துப்போன ஒரு பூக்கடை. அங்கே வேலை பார்க்கும் சேமோர் ஒரு விசித்திரச் செடியைக் கொண்டுவந்து வைக்கிறான். கடைக்குக் கூட்டம் வருகிறது, காசு வருகிறது, பேர் வருகிறது. செடிக்குத் தேவை தண்ணீர் இல்லை, மனித ரத்தம். முதலில் அவன் விரல் நுனி, பிறகு மற்றவர்கள். 1986 படத்துக்கு முதலில் எடுத்த முடிவில் செடி எல்லோரையும் தின்றுவிடும், நாயகன் நாயகி உட்பட. சோதனைக் காட்சியில் பார்வையாளர்களுக்குப் பிடிக்காததால் அதை மாற்றி, ஜோடி தப்பித்து வாழ்வதாக வைத்தார்கள். 2012-இல்தான் பழைய முடிவு மீண்டும் வெளியானது. ரத்தம் கொடுத்து வாங்கிய அதிர்ஷ்டத்தைக்கூடத் திருப்பிக் கொடுக்காமல் வீட்டுக்குப் போக ஆசைப்பட்டிருக்கிறார்கள் பார்வையாளர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் பாட்டுக்குத் தாளம் போட்டவன்தான்.

ஆர்வெல்லிடம் வருவோம். 1936-இல் வந்த 'கீப் தி அஸ்பிடிஸ்ட்ரா ஃப்ளையிங்', மணி பிளாண்ட் என்ற பெயரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்காகவே எழுதிய மாதிரி இருக்கும் நாவல். அஸ்பிடிஸ்ட்ரா அகன்ற கரும்பச்சை இலைச் செடி. ஜப்பான் பக்கத்திலிருந்து வந்தது. விளக்குப் புகை, இருட்டு, கவனிப்பின்மை எல்லாவற்றையும் தாங்கும் என்பதால் ஆங்கிலேய நடுத்தர வர்க்கத்து வரவேற்பறை ஜன்னல்களில் எல்லாம் குடியேறியது. அது ஒரு ஜன்னலில் இருந்தால் அங்கே மானம் மரியாதையோடு ஒரு குடும்பம் வாழ்கிறது என்று அர்த்தம். நாவலின் நாயகன் கார்டன் காம்ஸ்டாக் ஒரு கவிஞன். விளம்பர நிறுவனத்தில் இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு, பணத்தின் மேல் போர் தொடுக்கிறேன் என்று ஒரு புத்தகக் கடையில் வாரம் இரண்டு பவுண்டுக்கு வேலை பார்க்கிறான். வாடகை அறையில் ஒரு சோனி அஸ்பிடிஸ்ட்ரா. அதைக் கொல்ல என்னவெல்லாமோ செய்துபார்க்கிறான். தண்ணீர் விடாமல் காயப்போடுகிறான், தண்டில் சிகரெட்டை அணைக்கிறான், மண்ணில் உப்பைக் கலக்கிறான். அது சாகவில்லை.

நாவலின் முகப்பில் ஆர்வெல் செய்த விஷமம் தனி அழகு. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் அன்பைப் பற்றிப் பேசும் 13-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, அன்பு வரும் இடமெல்லாம் பணம் என்று போட்டுவிடுகிறார். விசுவாசம், நம்பிக்கை, பணம். இவற்றில் எது பெரிது என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் கார்டனின் காதலி ரோஸ்மேரி கர்ப்பமாகிறாள். அவன் தோற்றுப்போய், அல்லது தெளிந்துபோய், விளம்பர வேலைக்கே திரும்புகிறான். கவிதைக் கையெழுத்துப் பிரதியைச் சாக்கடையில் போடுகிறான். தெருவில் நடக்கும்போது, அந்தத் திரைச்சீலைகளுக்குப் பின்னால் இருப்பவர்களும் பிறந்து, மணந்து, பிள்ளை பெற்று, உழைக்கிறவர்கள்தானே என்று உறைக்கிறது. அஸ்பிடிஸ்ட்ராதான் வாழ்வின் விருட்சம் என்று திடீரென அவனுக்குப் படுகிறது. புது வீட்டுக்கு அதை வாங்கியே தீர வேண்டும் என்கிறான். ரோஸ்மேரிக்கு அது வேண்டாம். கல்யாணமானதும் அவர்கள் போடும் சண்டை ஒரு தொட்டிச்செடியைப் பற்றியது.

இந்த முடிவைச் சமரசம் என்று படிப்பவர்கள் உண்டு, முதிர்ச்சி என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே போதவில்லை. முதல் பக்கங்களில் கார்டனுக்கு அஸ்பிடிஸ்ட்ரா பணச் சாத்தானின் சின்னம், கடைசிப் பக்கங்களில் வாழ்க்கையின் சின்னம். எந்த இடத்திலும் அது அவனுக்கு ஒரு செடியாக இருக்கவில்லை. அதற்குத் தாகம் எடுக்கும், இலையில் தூசி படியும், யாராவது துடைக்க வேண்டும் என்ற நினைப்பு அவனுக்கு வருவதில்லை. கொல்ல முயன்றபோதுதான் அதைக் கையால் தொட்டான். புது வீட்டிலும் அதைத் துடைக்கப்போவது வேண்டாம் என்று சொன்ன ரோஸ்மேரியாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். வாழ்வின் விருட்சம் என்று கண்டுபிடிப்பது ஒருவன், பராமரிப்பு இன்னொருத்தி. நம் வீடுகளில் துளசி மாடம் இருக்கிறதே, அந்தக் கதைதான்.

ஆர்வெல் கார்டன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாவல் வந்த அதே 1936-இல் வாலிங்டன் என்ற கிராமத்துக்குக் குடிபோய், வுல்வொர்த் கடையில் ஆளுக்கு ஆறு பென்ஸ் விலையில் ரோஜாச் செடிகள் வாங்கி நட்டார். பத்து வருடம் கழித்து அவை எப்படித் தழைத்திருக்கின்றன என்று ஒரு கட்டுரையில் எழுதினார். இந்த நாவலை மறுபதிப்பு செய்ய அவர் விரும்பியதில்லை. ரோஜாவைப் பற்றி எழுதும்போது அவர் குரலில் இருக்கும் நிதானம் இந்த நாவலில் கிடையாது. குழி தோண்டியவன் எழுதும் வாக்கியம் வேறு மாதிரி இருக்கிறது.

கார்டனின் விளம்பரக் கம்பெனியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனம் நினைவுக்கு வரும். அங்கே மேசைக்கு மேசை லக்கி பேம்பூ. அது மூங்கிலே இல்லை, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த டிராசினா. சீன மொழியில் நான்கு என்ற எண் சாவு என்ற சொல்லைப் போல ஒலிப்பதால் நான்கு தண்டாக மட்டும் கொடுக்க மாட்டார்கள். மூன்று, ஐந்து என்று கட்டி விற்பார்கள். ஆட்குறைப்பு வதந்தி வந்த மாதம் அந்தச் செடிகளின் எண்ணிக்கை கூடியது. பிறகு ஒரே நாளில் எங்கள் தளத்தில் பாதிப் பேருக்கு லாக்-இன் வேலை செய்யவில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் செடியை எடுத்துப் போகவில்லை. பலன் தராத தாயத்தை யார் எடுத்துப் போவார்கள்? ஹவுஸ்கீப்பிங் அக்கா அவற்றையெல்லாம் பேன்ட்ரி ஜன்னலோரம் வரிசையாக வைத்துத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். "எதுக்குக்கா இதெல்லாம்?" என்று கேட்டேன். "அதுக்கு என்ன சார் தெரியும், யாரை வேலையை விட்டு எடுத்தாங்கன்னு? தண்ணி வத்திப்போச்சு, ஊத்துறேன்" என்றார். அவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்கு வேலை நிரந்தரம் என்று யாரும் எப்போதும் சொன்னதில்லை.

*

லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' 1959 மார்ச் 11 அன்று அரங்கேறியது. பிராட்வேயில் மேடையேறிய, கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய முதல் நாடகம். அப்போது அவருக்கு வயது 28. சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஒரு நெருக்கடியான வீடு, ஐந்து பேர். அப்பா செத்ததற்கான இன்சூரன்ஸ் காசோலை வரப்போகிறது, 10,000 டாலர். நாடகம் முழுக்க எல்லோரும் அந்தப் பணத்துக்காகக் காத்திருக்கிறார்கள். வீட்டுத் தலைவி லீனாவை நாடகத்தில் 'மாமா' என்று கூப்பிடுவார்கள். தமிழில் எழுதினால் உறவுமுறை தலைகீழாகிவிடும் என்பதால் லீனா என்றே சொல்கிறேன். அவளிடம் ஒரு செடி இருக்கிறது. முதல் காட்சியில் வந்ததுமே ஜன்னலைத் திறந்து அந்தச் சின்னத் தொட்டியை எடுத்து மண்ணைத் தொட்டுப் பார்க்கிறாள். வெயில் போதாமல் மெலிந்த, பார்க்க லட்சணமில்லாத செடி.

இணையத்தில் இந்த நாடகத்தைப் பற்றித் தேடினால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஒரே வாக்கியத்தைச் சொல்லும்: செடி நம்பிக்கையின் குறியீடு. நம் வாசிப்புக் குழுக்களிலும் இந்தப் பழக்கம் பரவியிருக்கிறது. கதையில் ஒரு பறவை வந்தால் விடுதலை, செடி வந்தால் நம்பிக்கை, மழை வந்தால் காமம். இது விமர்சனத்தின் மூடநம்பிக்கை. பொருளை ஒரு சொல்லால் தொட்டுவிட்டால் அர்த்தம் கொட்டும் என்கிற எதிர்பார்ப்பு. ஹான்ஸ்பெரியே ஒரு இடத்தில் அந்தக் கதவைத் திறந்துவைக்கிறார் என்பது உண்மை. போதிய வெயிலே கிடைக்காமல் இருந்தும் உயிரோடிருக்கும் செடியைப் பார்த்தபடி லீனா தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறாள். ஆனால் குறியீடு என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், லீனா அந்தச் செடிக்கு என்ன செய்கிறாள் என்பதைப் பார்க்க மாட்டோம்.

அவள் ஒருபோதும் அதனிடம் எதையும் கேட்பதில்லை. அதிர்ஷ்டத்தை எதிர்பார்ப்பவன் மகன் வால்டர். மதுக்கடையில் முதலீடு செய்தால் ஒரே பாய்ச்சலில் மேலே போய்விடலாம் என்று நம்புகிறான். லீனா 3,500 டாலரை வெள்ளையர் பகுதியான கிளைபோர்ன் பார்க்கில் ஒரு வீட்டுக்கு முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதி 6,500-ஐ அவனிடம் கொடுக்கிறாள். அதில் 3,000 தங்கையின் மருத்துவப் படிப்புக்கு. அத்தனையையும் அவன் ஒரு கூட்டாளியிடம் கொடுக்க, கூட்டாளி ஓடிவிடுகிறான். செடியை மட்டும் லீனா அன்றாடம் கவனிக்கிறாள். தெற்கில், அவள் பிறந்த ஊரில், வீடுகளுக்குப் பின்னால் தோட்டம் இருக்கும். தனக்கும் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டவளுக்கு அந்த ஆசையின் கிட்டே போகக் கிடைத்தது இந்த ஒரு தொட்டிதான். வீடு மாறும் நாளில், வழியில் அடிபடக் கூடாது என்று அதற்கு ஒரு குச்சியை வைத்துக் கட்டுகிறாள். இந்தக் கிழிந்த செடியைப் போய்ப் புது வீட்டுக்கா கொண்டுபோகிறாய் என்று மகள் கேட்கிறாள். அது நான்தான் என்கிற தொனியில் லீனா பதில் சொல்கிறாள். அந்தக் குச்சி எனக்கு முக்கியமாகப் படுகிறது. குறியீட்டுக்கு யாரும் முட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், வர வேண்டும். லீனாவின் பொறுமையைப் புகழ்வது, வறியவர்களைப் பெரிதாக எதற்கும் ஆசைப்படாதே என்று சொல்வதற்குச் சமம் ஆகிவிடாதா? வால்டர் ஏன் பாய்ந்து மேலே போக ஆசைப்படக் கூடாது? அவன் ஓட்டுவது ஒரு வெள்ளைக்காரரின் கார். அதே ஆசையை ஒரு வெள்ளைக்காரன் வைத்திருந்தால் அதற்குப் பெயர் தொழில்முனைவு. நாடகம் வால்டரைச் சிரிப்புக்குரியவனாக ஆக்கவில்லை என்பதுதான் அதன் பலம். புது வீட்டுப் பக்கத்து ஆட்கள் லிண்ட்னர் என்பவரை அனுப்பி, நீங்கள் வராமலிருந்தால் கூடுதல் விலை தருகிறோம் என்கிறார்கள். எல்லாம் இழந்த வால்டர் அந்தப் பணத்தை வாங்கிவிடும் விளிம்பு வரை போய், கடைசி நிமிடத்தில் மறுக்கிறான். அதை அவனுக்கு எந்தச் செடியும் கற்றுக்கொடுக்கவில்லை. அவனாகத்தான் அங்கே வந்து சேர்ந்தான். லீனாவின் பொறுமையும் வால்டரின் பேராசையும் சேர்ந்துதான் அந்தக் குடும்பத்தை வாசலுக்கு வெளியே கொண்டுவருகின்றன.

எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். அறை காலி. வெளியே போன லீனா கதவைத் திறந்துகொண்டு மறுபடி உள்ளே வருகிறாள். தொட்டியை எடுத்துக்கொண்டு போகிறாள். நாடகம் முடிகிறது. பலர் இதைச் சுபம் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஹான்ஸ்பெரி அப்படி நினைத்திருக்க வாய்ப்பில்லை. 1937-இல் அவர் அப்பா சிகாகோவில் வெள்ளையர் பகுதியில் ஒரு வீடு வாங்கினார். கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போய் 1940-இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. இடைப்பட்ட நாட்களில் வீட்டின் முன் கும்பல் கூடியது. அப்பா வழக்குக்காக வெளியூரில் இருக்க, அம்மா தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு ராத்திரி முழுக்க வீட்டைச் சுற்றிவந்தார். ஒருநாள் ஜன்னல் வழியாக எறியப்பட்ட கல் சிறுமி லொரெய்னின் தலையை மயிரிழையில் தவறியது.

லீனா அந்தத் தொட்டியைப் புது வீட்டிலும் ஏதோ ஒரு ஜன்னலில்தான் வைக்க வேண்டும். வெயில் அங்கேதான் வரும்.